ஜப்பான் துணியும் தஞ்சை வரப்பும்

காவேரிக் கரை வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் மறந்திருக்க முடியாது. மார்கழி மாதத்தில் பனி கொட்ட ஆரம்பித்ததும் பாட்டி மரப் பெட்டியைத் திறந்து ஒரு போர்வையை எடுத்துப் போடுவாள். அது கடையில் வாங்கின போர்வை அல்ல. பாட்டியின் பழைய நூல் சேலை, அத்தையின் பழைய நூல் சேலை, தாத்தாவின் கரை போன வேஷ்டி இவற்றையெல்லாம் மடித்து அடுக்கி, ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து, நெடுக நூலோட்டித் தைத்தது. கிழிந்த இடத்தில் வேறு துணி ஒட்டுப் போட்டிருக்கும். சில இடங்களில் அந்த ஒட்டின் மேலும் ஓர் ஒட்டு இருக்கும். அழகு என்று அதில் ஒன்றும் கிடையாது. ஆனால் குழந்தைகள் அந்தப் போர்வைக்குத்தான் சண்டை போட்டுக் கொள்ளும்.

இப்போது அந்த ஏழை ஒட்டுப் போர்வைக்கு உலகத்தில் பெரிய மதிப்பு வந்திருக்கிறது. 'குவில்ட்' என்ற இங்கிலீஷ் பெயருடன் அது கண்காட்சிகளில் சுவர்களை அலங்கரிக்கிறது. 2019-ம் வருஷம் ஜனவரியில் நமது சென்னைப் பட்டணத்திலேயே இதற்கென்று தனியாக ஒரு கண்காட்சி நடந்தது. மேல் நாடுகளில் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து, ஆளுக்குச் சில சதுரங்கள் தைத்து, எல்லாவற்றையும் இணைத்து ஒரே போர்வையாக்கி, அதை ஏலத்தில் விட்டு, வரும் பணத்தைப் பள்ளிக்கூடத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ கொடுப்பது வெகு காலமாக இருந்து வரும் வழக்கம். இந்தக் கலையில் கைதேர்ந்தவர்கள் ஆசையுடன் தேடுவது ஜப்பான் தேசத்துப் பருத்தித் துணிகளை. அவுரி நீலமும், அலை அலையான கோடுகளும், சின்னச் சின்னப் பூக்களும் நிறைந்த துணிகள் அவை.

கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ மன்னார்குடியிலோ ஒரு தெருவில் பன்னிரண்டு பெண்மணிகள் கூடி இப்படி ஒரு காரியம் செய்யத் தீர்மானிக்கிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். ஓஸாகாவில் உத்தியோகம் பார்க்கும் பெண்ணோ பிள்ளையோ ஊருக்கு வரும்போது துணி கொண்டுவந்து தருவதாய்ச் சொல்லியாகிவிட்டது. எல்லாரும் சம்மதித்து விட்டார்கள். ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும் பாட்டி மட்டும் ஒரு கேள்வி கேட்பாள்.

"ஏம்மா, தர்மத்துக்குத் தைக்க நம்ம ஊரிலே துணியா இல்லை? ஜப்பான் துணிதானா அகப்பட்டது?"

பாட்டியின் கேள்வி

இந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவது எளிது. ஆனால் அது நியாயமாகாது. பாட்டியின் தகப்பனார் காலத்தில் இந்தத் தேசத்தில் துணி என்பது வெறும் துணியாக இருக்கவில்லை. 1921-ம் வருஷம் ஜூலை 31-ம் தேதி பம்பாயில் பரேல் பகுதியில் மகாத்மா காந்தி அந்நியத் துணிக் குவியலுக்குத் தீ மூட்டினார். அதே வருஷம் செப்டம்பரில், மதுரையில், தாம் உடுத்திக் கொண்டிருந்த உடையையும் குறைத்து அரைத் துணிக்கு மாறினார். 1930-ம் வருஷம் ஏப்ரல் 13-ம் தேதி ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட உப்பு யாத்திரை இந்தத் தஞ்சை ஜில்லா வழியாகத்தான் வேதாரண்யத்துக்கு நடந்தது. அந்தத் தொண்டர்களுக்குச் சோறு போட்ட குடும்பங்களின் பேரப் பெண்கள் இன்றைக்கும் இந்த ஊர்களில் இருக்கிறார்கள்.

ஜப்பான் துணியின் பேரில் அந்நாளைய தேசபக்தர்களுக்குத் தனியாக ஒரு குறையும் உண்டு. லங்காஷயர் துணியைப் பகிஷ்கரித்த கடைத்தெருவில், அதைவிட மலிவாக ஜப்பான் சீட்டி வந்து குவிந்தது. 1933-ல் சர்க்கார் பிரிட்டிஷ் அல்லாத பருத்தித் துணிகளின் மீது நூற்றுக்கு 75 வீதம் சுங்க வரி போட்டார்கள். பதிலுக்கு ஜப்பானிய ஆலைக்காரர்கள், "இனி உங்கள் பருத்தி எங்களுக்கு வேண்டாம்" என்று நிறுத்தி விட்டார்கள். வரிச் சண்டையில் அடிபட்டவன் நமது பருத்திக் குடியானவன். கடைசியில் 1934-ம் வருஷம் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஜப்பான் 15 லட்சம் பொதி இந்தியப் பருத்தி வாங்கினால், 40 கோடி கஜம் வரையில் துணி அனுப்பலாம் என்பது அதன் சாரம். நம்முடைய பருத்தி பொதியாகக் கப்பலேறிப் போய், சீட்டியாக மடிந்து திரும்பி வந்தது. நடுவில் நூற்பவனும் நெய்பவனும் கையைக் கட்டிக் கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஆகவே, பாட்டி கேட்பது துணியைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல. "நீங்கள் ஒரு கையால் தர்மம் செய்யும்போது, இன்னொரு கையால் உள்ளூர்க்காரன் வயிற்றில் அடிக்கவில்லையே?" என்றுதான் கேட்கிறாள். இதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் ஊசியைத் தொட வேண்டும்.

நாகப்பட்டினமும் நாகசாகியும்

பதிலின் முதல் பாகம் நமது சமுத்திரக் கரையிலேயே இருக்கிறது.

ஜப்பானில் பருத்தி சாகுபடி பரவியது பதினாறாம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் அந்நாட்டுச் சாதாரண ஜனங்கள் சணல் போன்ற நார்த் துணிகளையே உடுத்தினார்கள். அந்தச் சமயத்தில் போர்த்துக்கீசியக் கப்பல்களிலும், பின்னால் டச்சுக் கப்பல்களிலும் நமது சோழமண்டலக் கரையிலிருந்து கோடு போட்ட மெல்லிய பருத்தித் துணிகள் அங்கே போய்ச் சேர்ந்தன. அவற்றுக்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'சாந்தோமே' என்பது. நமது மயிலாப்பூரை அடுத்த சாந்தோம் என்ற பெயர்தான், கடல் தாண்டிப் போய், ஒரு துணியின் பெயராகி விட்டது! பிற்காலத்தில் ஜப்பானியர் தாங்களே அந்த மாதிரிக் கோட்டுத் துணியை நெய்யக் கற்றுக் கொண்டார்கள். டோக்கியோவுக்கு அருகிலுள்ள கவாகோயே என்னும் ஊர் அதற்குப் பேர் பெற்றது. அங்கே நெய்த துணியின் பெயரிலும் 'சாந்தோமே'யின் சாயல் ஒட்டிக் கொண்டுதான் இருந்தது.

நாகப்பட்டினத்துக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. 1658-ல் டச்சுக்காரர்கள் அதைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்துக் கொண்டார்கள். பழவேற்காட்டிலிருந்த தங்கள் சோழமண்டலக் கரைத் தலைமை ஸ்தானத்தை அந்த நூற்றாண்டின் முடிவில் அங்கே மாற்றினார்கள். 1781-ல் இங்கிலீஷ்காரர்கள் கைப்பற்றும் வரையில் அது டச்சுப் பட்டணமாகவே இருந்தது. அதே டச்சுக் கம்பெனிதான் 1641 முதல் நாகசாகித் துறைமுகத்திலுள்ள ஒரு சிறு தீவில் ஜப்பானுடன் வியாபாரம் செய்து வந்தது. அந்தக் காலத்தில் ஐரோப்பியர்களில் வேறு யாருக்கும் அந்த உரிமை கிடையாது. நாகப்பட்டினத்தையும் நாகசாகியையும் இணைத்தது ஒரே கம்பெனியின் கணக்குப் புஸ்தகம்.

நமது பூப்போட்ட துணிகளை ஜப்பானியர் எப்படிப் போற்றினார்கள் தெரியுமா? பெரிய துண்டாக வாங்கும் சக்தி இல்லாதவர்கள் கையகலத் துண்டை வாங்கினார்கள். தேநீர் விருந்துக்கு வேண்டிய பாத்திரங்களை வைக்கும் பைகளை அந்தத் துண்டுகளில் தைத்தார்கள். மிச்சமான சிறு கிழிசலைக் கூடப் புஸ்தகத்தில் ஒட்டிப் பாதுகாத்தார்கள். நமது கரையில் நெய்தவனும் சாயம் தோய்த்தவனும் பேர் தெரியாமல் போய்விட்டார்கள். அவர்கள் தொட்ட துணி அங்கே பொக்கிஷமாக இருந்தது. இன்றைக்கு ஜப்பான் துணியில் நாம் ஒரு சதுரம் வெட்டினால், பழைய சம்பந்தம் ஒன்றைப் புதுப்பிக்கிறோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1933-ல் வந்து குவிந்தது ஆலையில் அடித்த மலிவுத் துணி. இன்றைக்குத் தையல் செய்பவர்கள் தேடுவதோ மலிவுத் துணி அல்ல. அதில் சிறந்தது அங்கேயும் சில குடும்பங்கள் கையால் சாயம் தோய்ப்பது. கட்டிச் சாயம் போடும் 'ஷிபோரி'யைப் பார்த்தால் நமது மதுரைச் சுங்குடிக்குத் தங்கை என்று தோன்றும். நூலைக் கட்டிச் சாயமேற்றிப் பிறகு நெய்வதைக் 'கசூரி' என்கிறார்கள். வெட்டிய காகிதத்தைத் துணியின் மேல் வைத்து, ஒரு பசையைத் தடவி, பசை பட்ட இடத்தில் சாயம் ஏறாமல் செய்வது 'கதாசோமே'. அந்தப் பசை எதில் செய்வது? அரிசியில்தான்! கும்பகோணத்துக்கு அருகிலுள்ள கோடாலிக் கருப்பூரில் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காகச் சேலை நெய்த காலத்தில், நம்மவர்கள் இதே வேலைக்கு மெழுகை உபயோகித்தார்கள். 1855-ல் அரசு முடிந்தது. ஆதரிப்பார் இல்லாமல் அந்தச் சேலையும் மறைந்தது. மெழுகும் சாயமும் கொண்டு கோவிற் சீலைகள் எழுதும் வேலை மட்டும் 'கருப்பூர் கலம்காரி' என்ற பெயரில் பிழைத்திருக்கிறது.

வயலைப் பார்த்துத் தைத்த ஆடை

பதிலின் இரண்டாம் பாகம் இன்னும் பழைய கதை.

பௌத்த பிக்ஷுக்களுக்குரிய விதிகளைச் சொல்லும் விநய பிடகத்தில், 'மகாவக்கம்' என்ற பகுதியில், ஒரு சம்பவம் வருகிறது. புத்தர் பெருமான் ஆனந்தருடன் நடந்து போய்க் கொண்டிருந்தார். வழியில் மகத தேசத்து வயல்கள் கண்ணில் பட்டன. நீள நீளமான பாத்திகள், குறுக்கே வரப்புகள், வரப்பும் வரப்பும் கூடும் சந்திகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. "ஆனந்தா, இந்த மாதிரி பிக்ஷுக்களுக்கு ஆடை செய்ய முடியுமா?" என்று கேட்டார். ஆனந்தர் அவ்விதமே துணிகளைத் துண்டு துண்டாக வெட்டி, வரப்புப் போல் பட்டை வைத்து இணைத்து, சீவர ஆடை தயாரித்தார். முழுத் துணிக்கு விலை உண்டு, திருடனுக்கு ஆசை வரும். வெட்டி ஒட்டிய துணி பேராசையைத் தூண்டாது என்பது அதில் ஒரு சௌகரியம்.

இந்த ஒட்டு ஆடை தர்மத்தோடு கூடவே சீனம், கொரியா வழியாக ஜப்பானுக்குப் போயிற்று. காஷாயம் என்ற நமது சொல் அங்கே 'கேசா' என்று ஆயிற்று. 756-ம் வருஷத்தில் ஷோமு சக்கரவர்த்தி காலமானபோது, அவருடைய மனைவி நாரா நகரத்துத் தோதாய்ஜி ஆலயத்துக்கு அர்ப்பணித்த பொருள்களில் இத்தகைய ஆடைகளும் இருந்தன. பிற்காலத்தில், இறந்து போனவர்களின் விலையுயர்ந்த பட்டாடைகளைக் குடும்பத்தார் மடத்துக்குக் கொடுப்பார்கள். பிக்ஷுக்கள் அவற்றை வெட்டி 'கேசா'வாகத் தைத்துக் கொள்வார்கள். அந்த ஆடைக்கு இன்னொரு பெயரும் உண்டு. அதன் பொருள் 'புண்ணிய வயல் ஆடை' என்பதாகும். வயலில் விதைத்தது விளைவது போல், கொடுத்தவர்களுக்குப் புண்ணியம் விளையும் என்பது கருத்து.

நேயர்களே, நெல் வயலைப் பார்த்துப் பிறந்த ஆடை இது! தஞ்சாவூர்க்காரர்களைவிட இந்த உவமையை உடனே புரிந்து கொள்ளக் கூடியவர்கள் யார்? திருச்சியில் இறங்கும் ஆகாய விமானத்திலிருந்து குனிந்து பார்த்தால், காவேரியும் கொள்ளிடமும் பாயும் பூமி முழுவதும் பச்சையும் மஞ்சளுமான ஒட்டுப் போர்வையாகத்தான் தெரியும். மணிமேகலை அன்னமிட்ட காவிரிப்பூம்பட்டினமும், ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் சூடாமணி விகாரம் கட்டிய நாகப்பட்டினமும் இந்தப் பூமியில் உள்ளவையே. வரப்பு வைத்த ஆடை அணிந்த பிக்ஷுக்கள், வரப்பு வைத்த இந்த வயல்களின் ஊடே நடந்திருக்கிறார்கள்.

ஊர் கூடித் தைப்பது

"சேர்ந்து தைப்பது நமது வழக்கம் அல்லவே?" என்று சிலர் சொல்லலாம். திருவாரூர்த் தேரை அண்ணாந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அலங்காரத்துடன் 96 அடி உயரம் நிற்கும் அந்த ஆழித் தேரில் மரம் அடியில்தான் இருக்கிறது. மேலே உள்ளதெல்லாம் மூங்கிலும் துணியுமே. சிவப்பு, வெள்ளை, மஞ்சள், கறுப்புத் துணிகளை யாளியாகவும் யானையாகவும் தாமரையாகவும் வெட்டி, வேறு துணியின் மேல் வைத்துத் தைத்த தேர்ச் சீலைகள்; உருண்டையாய்த் தொங்கும் தொம்பைகள். ஒட்டுத் தையலின் உச்சம் தஞ்சைச் சீமையின் தேரில்தான் இருக்கிறது. ஒருவர் வெட்ட, ஒருவர் ஒட்ட, ஒருவர் தைத்தால்தான் தேர்த் திருவிழாவுக்குள் சீலை தயாராகும்.

தர்மத்துக்காகக் கூட்டமாய்த் தைப்பதை ஓர் ஏற்பாடாகவே செய்தவர்கள் அமெரிக்கப் பெண்மணிகள். அங்கே சர்ச்சுகளில், பத்து சென்ட் கொடுத்தவரின் பெயரைப் போர்வையில் நூலால் தைத்து விடுவார்கள். நூற்றுக் கணக்கான பெயர்கள் சேர்ந்த பிறகு, போர்வையையும் ஏலம் போடுவார்கள். முதல் உலக யுத்தத்தின்போது, 1917-ம் வருஷம் டிசம்பரில், ஒரு பெண்கள் பத்திரிகை செஞ்சிலுவைச் சங்கத்துக்காக இவ்விதம் ஆயிரம் டாலர் திரட்டும் போர்வைக்கு மாதிரிப் படமே வெளியிட்டது. இந்த யோசனையில் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. ஏலத்தில் கடைசி வரை கை தூக்கும் வசதி ஒருவருக்குத்தான் உண்டு. பத்து சென்ட் கொடுத்துப் பங்கு கொள்ளும் வசதி எல்லாருக்கும் உண்டு.

தைக்கும் வகை

இனி வேலைக்கு வருவோம். போர்வையின் அளவு நாலு முழத்துக்கு நாலு முழம், அதாவது 72 அங்குலச் சதுரம் என்று வைத்துக் கொள்ளலாம்.

ஜப்பானியர் தங்கள் உடைக்கு வேண்டிய துணியைக் குறுகலாக நெய்வார்கள். அகலம் சுமார் 14 அங்குலம். ஒரு சுருள் சுமார் 13 கஜம் நீளம். நமது சதுரம் தைத்த பிறகு 12 அங்குலம் இருக்க வேண்டுமானால், நாற்புறமும் தையலுக்குக் கால் அங்குலம் விட்டு, பன்னிரண்டரை அங்குலமாய் வெட்ட வேண்டும். 14-ல் பன்னிரண்டரை போக மிச்சம் ஒன்றரை அங்குலப் பட்டை. அதை எறிந்து விடாதீர்கள். தையலுக்குப் போக அது சரியாக ஓர் அங்குலப் பட்டையாகும். அதுதான் நமது வரப்பு!

வரிசைக்கு 5 வீதம் 5 வரிசை. மொத்தம் 25 சதுரம். பன்னிரண்டு பேர் ஆளுக்கு இரண்டு தைத்தால் 24 ஆகும். நடுச் சதுரம் மட்டும் பாக்கி. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். 24 சதுரத்துக்கு வேண்டிய துணி 300 அங்குலம், அதாவது எட்டு கஜத்துக்குச் சற்று மேல். எல்லாம் ஒரே துணியாக இருக்க வேண்டியதில்லை. பலவிதமாக இருந்தால்தான் அழகு. சதுரங்களுக்கு நடுவே வேண்டிய வரப்புகள் 40. மிச்சப் பட்டையில் கிடைப்பது 24. குறைகிற 16 வரப்புக்கும், வரப்புகள் கூடும் 16 சந்திகளுக்கும், சுற்றிலும் 4 அங்குலக் கரைக்கும் என்ன செய்வது? உள்ளூர்க் கைத்தறி நெசவாளி வீட்டுக்குப் போய்ப் பருத்தித் துணி வாங்குங்கள். பேரம் பேசாமல் வாங்குங்கள்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு துணியையும் தனித் தனியே குளிர்ந்த நீரில் நனைத்து, வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்க்க வேண்டும். அவுரிச் சாயம் புதிதில் ஒட்டிக் கொள்ளும். ஒரு சதுரம் சாயம் விட்டால் பன்னிரண்டு பேருடைய உழைப்பும் பாழ். பருத்தியோடு பட்டைக் கலக்காதீர்கள். 'சிரிமென்' என்னும் சுருக்கப் பட்டு தண்ணீர் பட்டதும் வெகுவாகச் சுருங்கி, பக்கத்துச் சதுரங்களையும் இழுத்து விடும். வெட்டுவதற்கு எல்லாரும் ஒரே அட்டையை உபயோகிக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டு அங்குலமும் ஒவ்வொரு மாதிரி என்பது, இணைக்க உட்காரும்போதுதான் தெரியும்!

மேல்பாகம் தயாரானதும், உள்ளே வைக்கப் பஞ்சு விரிப்புத் தேட வேண்டாம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் துவைத்துத் துவைத்து மெத்தென்றான நூல் சேலை கொண்டு வாருங்கள். அவற்றில் நல்லதைப் பார்த்து, இரண்டு மடிப்பை உள்ளே வையுங்கள், ஒன்றை அடித்துணியாக்குங்கள். இங்கே பெயர் தைக்கும் அமெரிக்க வழக்கத்தையும் சேர்த்துக் கொள்ளலாம். சிறு தொகை கொடுத்தவர்களின் பெயர்களை அடித்துணியில் முன்னதாகவே தைத்து விடுங்கள். மூன்றையும் அடுக்கித் தாற்காலிகமாய்ப் பெரிய தையல் போட்டு நிறுத்தி, பிறகு நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நூலோட்டிக் கொண்டு போக வேண்டும். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் துணி உப்பிக் கொள்ளும். நீலத் துணியில் தடித்த வெள்ளை நூலால் இப்படித் தைப்பதை ஜப்பானியர் 'சாஷிகோ' என்பார்கள். வங்காளத்துப் பெண்கள் 'காந்தா' என்பார்கள். நம் வீட்டுப் பாட்டி அதற்குப் பெயர் ஒன்றும் வைக்கவில்லை.

அங்குலத்துக்கு ஒரு வரிசை, அங்குலத்துக்கு ஆறு தையல் என்று கணக்குப் போடுங்கள். 72 வரிசை, வரிசைக்கு 72 அங்குலம். மொத்தம் 31,104 தையல். பன்னிரண்டு பேர் பங்கிட்டுக் கொண்டால் ஆளுக்கு 2,592. தனி ஆளுக்கு மலைப்பாக இருக்கும் வேலை, கூடத்தில் வட்டமாய் உட்கார்ந்து பேசிக் கொண்டே செய்தால் தானே நடந்து விடும்.

ஏலம்

கடைசியில் ஏலம். இதில்தான் பாட்டியின் கேள்விக்கு மூன்றாவது பதில் இருக்கிறது.

1921-ல் அந்நியத் துணியை எரித்தபோது, தீனபந்து ஆண்ட்ரூஸ் மனம் வருந்தினார். கவி தாகூரும் ஒப்பவில்லை. "துணியில்லாத ஏழைகள் இருக்கும்போது எரிப்பதா? அவர்களுக்குக் கொடுக்கலாகாதா?" என்பது அன்று பலரும் கேட்ட கேள்வி. நாம் உடுத்த வெட்கப்படும் துணியை ஏழைக்குத் தர்மம் என்று கொடுப்பது அவனை அவமதிப்பதாகும் என்பதே காந்தியடிகளின் பதில். ஏழைக்கு முதலில் கொடுக்க வேண்டியது வேலை என்றும் அவர் சொன்னார். அதே காந்தி ஏலம் போடுவதில் மகா சமர்த்தர். 1933-34-ம் வருஷத்து ஹரிஜன யாத்திரையில், தமக்குக் கிடைத்த வரவேற்புப் பத்திரங்களையும் பரிசுப் பொருள்களையும் மேடையிலேயே ஏலம் கூறி நிதி சேர்த்தார். சாதாரணப் பொருளுக்குப் பெரிய விலை கிடைக்கும். வாங்கினவர் பொருளுக்காகக் கொடுக்கவில்லை, காரியத்துக்காகக் கொடுத்தார்.

ஆகையால் நமது ஏலத்துக்குச் சில விதிகள் வேண்டும். பணம் எந்தக் காரியத்துக்கு என்பதைத் தையல் ஆரம்பிக்கும்போதே அறிவித்து விட வேண்டும். அடிப்படை விலை, வாங்கிய சாமான் செலவுக்குக் குறையக் கூடாது. அதற்குக் கீழே போனால் போர்வையை வைத்துக் கொண்டு இன்னொரு நாள் பார்க்கலாம். ஏலம் கேட்டுத் தோற்றவர்கள் முன் ஒரு தட்டை நீட்டத் தயங்க வேண்டாம். அவர்கள் மனம் ஏற்கெனவே கொடுக்கத் துணிந்து விட்டது. வரவு செலவுக் கணக்கை ஒரு வாரத்துக்குள் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டி விட வேண்டும். உதவி பெறுகிறவர்களை மேடையில் ஏற்றிக் காட்சிப் பொருளாக்குவது மட்டும் கூடவே கூடாது.

எதற்குக் கொடுக்கலாம்? ஒரு பெண்ணுக்குத் தையல் மிஷின், ஒரு நெசவாளி வீட்டில் ஓடாமல் கிடக்கும் தறிக்குப் பழுது பார்ப்பு, ஒரு மாணவியின் படிப்புச் சம்பளம் ஆகியவை எல்லாம் வேலை கொடுக்கும் தர்மங்கள். 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ம் தேதி கடல் பொங்கி வந்து, நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டு போயிற்று. 'சுனாமி' என்ற ஜப்பானியச் சொல்லை நமது கரை அன்றுதான் கற்றுக் கொண்டது. அதற்கடுத்த வருஷம் ஆரோவில்லைச் சார்ந்த மீனவப் பெண்கள் துண்டுத் துணிகளில் 'சுனாமிகா' என்ற சின்னஞ்சிறு பொம்மைகள் செய்யத் தொடங்கினார்கள். அவற்றுக்கு விலை கிடையாது. பொம்மையை இனாமாகக் கொடுப்பார்கள். மனமுள்ளவர்கள் நன்கொடை அளிப்பார்கள். கடலைப் பார்க்கவே பயந்த பெண்களின் கைகளுக்கு அந்தத் துண்டுத் துணி ஒரு வேலை கொடுத்தது. 2011-ம் வருஷம் மார்ச் 11-ம் தேதி அதே பேரலை ஜப்பானை அடித்தபோது, உலகத்தின் பல மூலைகளிலிருந்து பெண்கள் ஒட்டுப் போர்வைகள் தைத்து அங்கே அனுப்பினார்கள்.

இந்த மூன்று பதில்களையும் பாட்டியிடம் சொல்லலாம். இந்தத் துணியின் மூதாதை நம் கரையிலிருந்து போனது. தைக்கும் மாதிரி நம் நாட்டு வயலிலிருந்து போனது. வரும் பணம் உள்ளூர்க் கைகளுக்கு வேலையாகத் திரும்புகிறது. வரப்பும் கரையும் உள்ளூர்த் தறியில் நெய்தவை. உள்ளேயும் அடியிலும் இருப்பவை நம் வீட்டுச் சேலைகள். இவ்வளவும் சொன்ன பிறகு, பாக்கியிருக்கும் அந்த நடுச் சதுரத்தையும் ஊசியையும் பாட்டியின் கையில் கொடுத்து, "இதற்கு நீங்கள்தான் துணி தர வேண்டும்" என்று கேளுங்கள்.

பாட்டி எழுந்து போய் மரப் பெட்டியைத் திறப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தைத்து முடித்த பிறகு, மற்றவர்கள் தைத்த 24 சதுரங்களிலும் எந்தத் தையல் கோணல் என்று சொல்லப் போகிறவளும் அவள்தான்.